மயிலிட்டி வாசகிக்கு ஒரு மாத ஏடு

பிரான்சு தேசத்திலே 'மரி கிளேர்' என்ற பெயருடன் பெண்களுக்கான மாத சஞ்சிகை ஒன்று வெளிவருகின்றது. ஜான் புரூவோ என்னும் கம்பளி ஆலை முதலாளி 1937 ஆம் ஆண்டில் அதனை வார ஏடாகத் தொடங்கினார். போர்க்காலத்தோடு அது நின்றுபோயிற்று. 1954 இல் மாத ஏடாக மீண்டும் உயிர் பெற்றது. உடை, ஒப்பனை, சமையல், காதல், வீட்டலங்காரம் என்பனவே அதன் பக்கங்களிற் பெரும்பகுதியை நிறைப்பன. இத்தகைய ஏட்டுக்கும் வலிகாமம் வடக்கின் கடற்கரையிலே கிடக்கும் மயிலிட்டிக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். அவ்வேட்டின் உடைப் பக்கங்களைப் பற்றி நாம் எழுத வரவில்லை. அதன் தபாற் பையைப் பற்றி எழுதவே வந்தோம்.

அந்த ஏட்டின் தொடக்க காலந்தொட்டு அதில் எழுதிவந்தவர் மார்செல் ஓக்ளேர் என்னும் அம்மையார். பெண்கள் அவருக்குக் கடிதம் எழுதினர். கணவனுக்கும், தாய்க்கும், பாவமன்னிப்புக் கேட்கும் குருவானவருக்கும் சொல்ல முடியாதவற்றை அந்த ஏட்டுக்கு எழுதினர். அக்காலத்துப் பிரெஞ்சுச் சட்டம் கருத்தடையைப் பற்றிப் பிரசாரஞ் செய்வதையே குற்றமாக்கியிருந்தது. ஆகையால், மறைவில் கருவைக் கலைத்து, நோயுற்று, சிலர் மாண்டும் போன கதைகள் குடும்பச் சுவர்களுக்குள்ளேயே புதைந்து கிடந்தன. அம்மையார் அக்கதைகளைத் திரட்டி ஏட்டில் விசாரணையாக வெளியிட்டு, 1962 இல் நூலாகவும் ஆக்கினார். ஐந்து ஆண்டுகளின் பின், 1967 இல், கருத்தடையை அனுமதிக்கும் சட்டம் பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. ஒரு நூல்தான் சட்டத்தை மாற்றியது என்று கூறுவது மிகையாகும். ஆயினும், தத்தம் வீட்டுத் துன்பம் தமக்கு மட்டுமே நேர்ந்தது என்று எண்ணியிருந்த பெண்கள், அது நாட்டின் துன்பம் என்பதை ஒரு மாத ஏட்டின் பக்கங்களிற் கண்டுகொண்டனர். அதனை மறுப்பாரில்லை.

இதைப் படித்ததும், மேல்நாட்டார் முன்னேறியவர், நாம் பின்தங்கியவர் என்ற பழைய பல்லவியைச் சிலர் எடுக்கக்கூடும். அன்னார் ஆண்டுகளைச் சிறிது ஒப்பிட்டுப் பார்ப்பாராக. பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945 இல். இலங்கையில் ஆண் பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை 1931 இலேயே வந்துவிட்டது. கணவனின் சம்மதமின்றி வேலைக்குச் செல்லவும், தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் பிரெஞ்சு மனைவிக்கு உரிமை கிடைத்ததோ 1965 இல்! அப்படியிருந்த நாட்டுப் பெண்கள் பின்னர் எம்மைக் கடந்து சென்றனர். நாம் நின்ற இடத்திலேயே நிற்கின்றோம். ஏன்?

நின்ற இடம் எது என்பதைச் சொல்கின்றோம். யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமை பற்றிய 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. தேசவழமைக்குட்பட்ட மனைவி, தன் அசையும் பொருளை விரும்பியவாறு கையாளலாம். ஆனால் தன் சொந்தக் காணியை, தாய் தந்தையர் சீதனமாகத் தன் பெயருக்கு எழுதிக் கொடுத்த காணியை, கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடையாக எழுதவோ இயலாது. கணவன் தன் முதுசக் காணியை விற்பதற்கு மனைவியின் கையொப்பம் தேவையில்லை. பிரான்சில் 1965 இல் ஒழிந்த வழக்கத்தின் உடன்பிறப்பு ஒன்று எம் உறுதிப்பத்திரங்களில் இன்னும் குடியிருக்கின்றது. ஒல்லாந்தர் 1707 இல் தேசவழமையைத் தொகுத்து எழுதுவித்த காலத்திலிருந்து சட்டத்தரணிகள் அதைக் கற்று வருகின்றனர். அதனாற் கட்டுண்ட பெண்களுள் எத்தனை பேருக்கு அது விளக்கப்பட்டது?

இனி மயிலிட்டிக்கு வருவோம். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே அவ்வூர் மக்கள் வீடு வாசல், வள்ளம் வலை யாவும் விட்டு ஓடினர். வடபுலத்தின் பெரும் மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கிய மயிலிட்டி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மல்லாகம், சுன்னாகம் பகுதிகளில், கோணாப்புலம், சபாபதிப்பிள்ளை முதலான நலன்புரி நிலையங்களிலே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பிள்ளையும் பெற்றது. 2017 ஆடி மாதத்தில், இருபத்தேழு ஆண்டுகளின் பின், துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. அதன் பின்னரும் சிறிது சிறிதாக நிலம் கிடைத்து வந்துள்ளது. வலிகாமம் வடக்கிலே இன்னும் கம்பி வேலிக்குள் கிடக்கும் காணிகளும் உள. அவற்றின் விடுதலையைப் பற்றி எம் தலைவர்கள் பாராளுமன்றத்திலும் மேடையிலும் பேசுகின்றனர். பேசுதல் கடனே.

ஆனால் அக்காணிகள் யார் பெயரில் உள்ளன? யாழ்ப்பாணத்துக் குடும்ப வழக்கை அறிந்தவர் எவரும் விடை கூறுவர். வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போவன. ஆகவே முள்ளுக்கம்பிக்கு அப்பால் கிடக்கும் வளவுகளின் உடைமைக்காரர் பலர் பெண்கள். எல்லைக் கல் காணாமற்போய், வேலியும் கிணறும் தூர்ந்து, எது தன் வளவு என்று அடையாளங்காட்டப் பிரதேச செயலகத்துக்கு உறுதியோடு அலைபவளும் அவளே. அவளது கணவன் போரில் மாண்டிருந்தால், விதவையாகிய அவளுக்குச் சம்மதம் என்ற சிக்கல் இல்லை. கணவன் கைதாகியோ கடத்தப்பட்டோ காணாமற்போயிருந்தால்? அவன் உயிருடன் இல்லை என்று எழுதிக்கொடுக்க அவள் மனம் இடங்கொடாது. உயிருடன் உள்ளான் எனின் அவன் கையொப்பம் எங்கே? கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்து, அவள் மாவட்ட நீதிமன்றத்திலே மனுச் செய்து அனுமதி பெறலாம் என்று அதே 1911 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. காணாமற்போனோரின் குடும்பத்தினர் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக வேறொரு சான்றிதழைப் பெறுவதற்கு 2016 இல் இயற்றப்பட்ட சட்டமும் இடமளித்துள்ளது. இவ்விரண்டையும் அறியாமல், 'ஒன்றும் செய்ய முடியாதாம்' என்ற வாய்ச்சொல்லை நம்பிக் காணியைத் தரிசாக விட்டிருப்பவர் உளர். இவ்வளவையும் ஒரு பக்கத்தில், தெளிந்த தமிழில், மனுவின் மாதிரியோடு எடுத்துரைக்கும் மாத ஏடு ஒன்று எம்மிடத்தில் உண்டா? இல்லை.

பெண்களுக்கு ஏடு நடத்துவது எமக்குப் புதிய சங்கதியன்று. மயிலிட்டிக்குச் சில மைல் தெற்கே உடுவிலில், 1824 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிஷனார் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை அமைத்தனர். 'உதயதாரகை' 1841 இல் வெளிவந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்திலே பெண்கள் கல்லூரி நிறுவினார். (அதே பெருமகனார் பின்னர் டொனமூர் ஆணைக்குழுவின் முன்னே பெண்கள் வாக்குரிமையை எதிர்த்து நின்றார். பெண் படிக்கலாம், வாக்களிக்கலாகாது என்பது அவர் கொள்கை போலும்.) யாழ்ப்பாணத்து மங்களம்மாள் மாசிலாமணி 1923 இல் 'தமிழ்மகள்' என்னும் மாத ஏட்டைத் தொடங்கிப் பெண் கல்வியையும் பெண் உரிமையையும் எழுதினார். பிரெஞ்சு ஏட்டுக்குப் பதினான்கு ஆண்டுகள் முந்தியது எமது 'தமிழ்மகள்'! அதே பத்தாண்டின் இறுதியில், மலையகத் தொழிலாளரிடையே மீனாட்சியம்மாள் நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகையிலே பெண் வாக்குரிமைக்காக வாதாடினார்.

1931 இல் வாக்குரிமை வந்தபோது என்ன நடந்தது? இளைஞர் காங்கிரசார் பூரண சுயராச்சியம் இல்லையெனத் தேர்தலைப் பகிஷ்கரித்தனர். காங்கேசன்துறை உட்பட வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. 1934 இல் இடைத்தேர்தல் நடந்த பின்னரே அவை நிரம்பின. பகிஷ்காரம் சரியோ பிழையோ என்ற வழக்கை நாம் இங்கே கிளறவில்லை. வாக்குச் சீட்டைக் கையில் வாங்கவிருந்த மயிலிட்டிப் பெண்ணிடம், 'உன் கருத்து என்ன?' என்று எவரும் கேட்டாரல்லர் என்பதே நாம் கூறுவது. கேட்பதற்கும் அவள் விடை கூறுவதற்கும் இடம் வேண்டும். அந்த இடம் ஓர் ஏடாகத்தான் இருக்க முடியும்.

தமிழ்நாட்டிலிருந்து பெண்கள் ஏடுகள் வரவில்லையா என்பர். வந்தன. பாரதியார் 1905 இலே 'சக்கரவர்த்தினி' என்ற பெண்கள் மாத ஏட்டின் ஆசிரியராக இருந்தார். வை. மு. கோதைநாயகி அம்மாளோ பாடசாலை சென்றறியாதவர். தமது முதல் நாடகத்தைத் தோழிக்குச் சொல்லி எழுதுவித்தவர். அவர் 1925 இல் 'ஜகன்மோகினி'யைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டு, சிறை சென்ற காலத்திலும் விடாது, ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினார். அது வீரம். பின்னாளில் 'மங்கையர் மலர்', 1998 இல் தொடங்கிய 'அவள் விகடன்' முதலியன வந்தன. அவற்றை எம் வீடுகளிலே விரும்பி வாசித்தனர். ஒரு பிரதி பத்து வீடு சுற்றி, அட்டை கிழிந்து, கடைசியிற் சமையற் குறிப்புப் பக்கம் மட்டும் அலுமாரிக்குள் எஞ்சுவதை அறியாதவர் உண்டோ? அவற்றை நாம் குறை கூறவில்லை. சென்னை நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்படும் ஏடு அவளுக்கே பேசும். கருவாடு காயவைத்து விற்பவளுக்கும், செம்மண்ணில் வெங்காயம் நடுபவளுக்கும், சீதன உறுதியோடு கச்சேரி வாசலில் நிற்பவளுக்கும் அது என்ன சொல்லும்? அன்றியும், கொரோனாக் காலத்தில் 'மங்கையர் மலர்' அச்சை விட்டு மின்னிதழாகிவிட்டது. அயல்நாட்டு ஏட்டை நம்பியிருப்பதன் பலன் இதுவே.

1970 களின் தொடக்கத்தில் அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. அக்கட்டுப்பாட்டினால் எம் நாட்டு ஏடுகளுக்கு ஒரு சந்தை திறந்தது. இலக்கிய ஏடுகள் அதனைப் பயன்படுத்திக்கொண்டன. டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய 'மல்லிகை'யைத் தாமே சுமந்து தெருத் தெருவாக விற்று வளர்த்தார். பெண்களுக்கென நாடறிய நிலைத்த ஒரு மாத ஏடு அப்போதும் எழவில்லை. பின்னாளில் வந்த 'நிவேதினி', மட்டக்களப்பின் 'பெண்' ஆகியவை மதிப்புக்குரியன. ஆயினும் அவை பெரிதும் கற்றோர் அவையிலேயே உலவின. போர்க்காலத்து 'சுதந்திரப் பறவைகள்' ஏடு போராளியை நோக்கிப் பேசிற்று. வலை பொத்துபவளும் தோட்டத்துக்கு இறைப்பவளும் இவை யாவற்றினதும் ஓரத்திலேயே நின்றனர்.

இனி மறுப்புகளைப் பார்ப்போம்.

'இனப்பிரச்சினை தீராதிருக்கையில் பெண்கள் ஏடு ஒரு கேடா?' என்று கேட்கும் அரசியல் நண்பர்கள் எம்மிடையே உளர். காணிப் பிரச்சினைதானே இனப்பிரச்சினையின் வேர்? அக்காணியின் உடைமைக்காரி தன் உரிமையை அறியாதிருக்கையில், அவளுக்காக நாம் மேடையில் முழங்கி ஆவதென்ன? வழக்காளியின்றி வழக்குரைக்கப் புகும் சட்டத்தரணியின் நிலையன்றோ இது!

'கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கிறது. இனி அச்சு ஏடு எதற்கு?' என்பது மற்றொரு கேள்வி. இதில் ஓரளவு நியாயம் உண்டு. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டினாற் கொழும்பு நாளேடுகள் சிலவே சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்த நேர்ந்தது. அச்சுக் கூலி மலிவன்று. ஆனால் தொலைபேசியிற் காண்பது ஒருத்தி தனியே கண்டு தனியே மறப்பது. பல வீடுகளில் அத்தொலைபேசி மகனுடையது அல்லது கணவனுடையது. தன் கணவனின் கையொப்பத்தைப் பற்றிய ஐயத்தை அவனது தொலைபேசியிலேயே அவள் கேட்பது எங்ஙனம்? அச்சிட்ட தாளை வெட்டி உறுதிப் பெட்டிக்குள் வைக்கலாம். அயல்வீட்டாளுக்குக் கொடுக்கலாம். கந்தோருக்குக் கொண்டுபோய், 'இதோ இப்படி எழுதியிருக்கிறது' என்று மேசையில் வைக்கலாம். அந்தத் தாளுக்குள்ள கனம் வேறு.

மூன்றாவது மறுப்பு எவரும் வாய்விட்டுச் சொல்லாதது: பெண்கள் பணவிஷயம் வாசிக்கமாட்டார்கள் என்பது. இது பொய் என்பதற்கு நுண்கடன் கதை சாட்சி. போருக்குப் பின் கடன் கம்பனிகள் வடக்கின் கிராமங்களுக்குள் வந்து, வீட்டு முற்றத்திலேயே பாய் விரித்துப் பெண்களைக் குழுவாக இருத்திக் கடன் கொடுத்தன. ஒருத்தி கட்டாவிடின் மற்றவர்கள் கட்ட வேண்டும். துன்பம் முற்றிய பின், 2018 இல், வரட்சி பாதித்த 12 மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வர நேர்ந்தது. இக்கடன்களின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டுவோம். ஐம்பதினாயிரம் ரூபா கடன். ஆண்டு வட்டி நூற்றுக்கு 24. அவ்வட்டியை முழுத்தொகைக்கும் முதலிலேயே கணக்கிட்டு, 62,000 ரூபாவை 52 கிழமைகளாகப் பிரித்தால், கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. பார்வைக்குச் சிறிய தொகை. ஆனால் கிழமைக்குக் கிழமை முதல் குறைந்துகொண்டே போகின்றது. சராசரியாகப் பார்த்தால் ஆண்டு முழுவதும் அவள் கையில் இருப்பது ஐம்பதினாயிரத்திற் பாதியளவே. வட்டியோ முழுத்தொகைக்கு. ஆகவே உண்மை வட்டி வீதம் ஏறக்குறைய இருமடங்கு. இந்த ஒரு கணக்கை முற்றத்துப் பாயில் இருந்த பெண்களுக்கு எவராவது முன்கூட்டியே காட்டியிருந்தால்? சந்தையில் மீன் விலையை நொடிப்பொழுதிற் கூட்டிச் சொல்பவளுக்கு இக்கணக்கு விளங்காதா? விளங்கும். சொல்வார் இல்லை.

ஆகவே நாம் வேண்டுவது ஒரு மாத ஏடு. அதிற் சமையலும் இருக்கட்டும். தையலும், தொடர்கதையும், பிள்ளை வளர்ப்பும் இருக்கட்டும். அவையின்றி எந்த வீட்டுக்குள்ளும் அது நுழையாது என்பதை பிரெஞ்சு முதலாளி 1937 இலேயே அறிந்திருந்தார். அவற்றோடு காணிச் சட்டத்துக்கு ஒரு பக்கம், கடன் கணக்குக்கு ஒரு பக்கம், இந்திய இழுவைப் படகு வலையை அறுத்துச் சென்றால் முறைப்பாடு எங்கே செய்வது என்பதற்கு ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடிதப் பக்கம், அதுவும் இரண்டல்ல, நான்கு பக்கம். பெயர் வெளியிட விரும்பாதவரின் பெயரை ஆசிரியர் உயிர்போனாலும் வெளியிடலாகாது. பிழை மலிந்த தமிழில் எழுதப்பட்ட கடிதத்தைப் பண்டிதர் எவரும் திருத்தி அழகாக்கவும் வேண்டாம். ஆசிரியர் பெண்ணாக இருத்தல் வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுத்தல் வேண்டும். 'சேவை' என்று கூறி இலவசமாக வேலை வாங்கும் எமது வழக்கம் எத்தனையோ ஏடுகளைக் கொன்றிருக்கிறது.

இதனை எவ்வாறு வீடுகளுக்குச் சேர்ப்பது? எம் கிராமங்களில் சனசமூக நிலையங்கள் உண்டு. அவற்றிலே பத்திரிகை மேசையும் உண்டு. மாலையில் அங்கு சென்று பாருங்கள். மேசையைச் சுற்றி ஆண்களே இருப்பர். பெண்கள் அங்கு வந்து இருந்து வாசிக்கும் வழக்கம் அருமை. ஆகவே சனசமூக நிலையத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் கூட்டத்துக்கே பிரதிகள் போக வேண்டும். மயிலிட்டித் துறைமுகத்திலே மீன் கூறுமிடத்துக்கும், கட்டுவன் பக்கத்துத் தோட்டங்களுக்கும் போக வேண்டும். இன்னும் ஊர் திரும்ப முடியாது வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தபாலிற் போக வேண்டும்.

செலவு? இப்பத்தியை வாசிக்கும் உத்தியோகத்தரும், வைத்தியரும், சட்டத்தரணியும், கமக்காரரும் அதனை ஏற்கலாம். பாரிசிலே குடியேறி, அங்குள்ள பெண்களின் ஏடுகளைக் கடைத் தட்டுகளில் நாள்தோறும் காணும் எம்மவரும் ஏற்கலாம். கோவில் திருவிழா ஒன்றின் வாணவேடிக்கைச் செலவு ஒரு சிற்றேட்டை ஓராண்டு நடத்தப் போதும் என்று சொன்னால் கோபங்கொள்வார் உளர். கோபங்கொண்டாலும் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். சட்டத்தரணிகள் பணமாகத் தர வேண்டியதில்லை. மாதம் ஒரு மாலை, வந்த கடிதங்களுக்கு விடை எழுதித் தந்தாற் போதும். தேசவழமை திருத்தப்பட வேண்டும் என்று கூறும் பாராளுமன்ற உறுப்பினர்களும், திருத்தலாகாது என்று கூறுபவர்களும் தத்தம் நியாயத்தை அந்த ஏட்டிலே, அச்சட்டத்தின் கீழ் வாழும் பெண்களின் முன்னிலையில் எழுதட்டும். மறு மாதக் கடிதப் பக்கத்தில் அவர்களுக்கு விடை கிடைக்கும்.